ஏஐ காலத்தில் ஆய்வறிக்கை சமர்ப்பிப்பது எப்படி? புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வறிக்கையோ முனைவர் பட்ட ஆய்வேடோ எழுதத் தொடங்கப்போகிறீர்களா? அப்படியானால் இதை இப்போதே படித்துவிடுங்கள். இதில் சொல்லியிருக்கும் வேலைகளில் பாதியைக் கடைசி வாரத்தில் செய்ய முடியாது. முதல் நாளிலேயே தொடங்கியாக வேண்டும்.

என் முதுகலை ஆய்வறிக்கை கடலூர் முதுநகரில் கருவாடு விற்கும் பெண்களின் வருமானத்தைப் பற்றியது. தெருத்தெருவாகப் போய் நானே கேட்டு, நானே எழுதியது. அதில் இரண்டு இயல்களை இயந்திரம் எழுதியது என்று ஒரு மென்பொருள் சொல்லிவிட்டது. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வருவதற்குள் தெரிந்துகொண்டவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. விதியைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

ஏஐ பயன்படுத்தலாமா என்று ஒரே துறையில் இரண்டு பேராசிரியர்களைக் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒருவர் இலக்கணப் பிழை திருத்திக்கொள்ளலாம் என்பார். இன்னொருவர் அதன் பக்கமே போகாதே என்பார். வாயால் சொன்னதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். நெறியாளரைப் பார்த்துப் பேசிவிட்டு, அன்று மாலையே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று தாங்கள் கூறியபடி, ஆங்கில இலக்கணத் திருத்தத்துக்கு மட்டும் ஏஐ செயலியைப் பயன்படுத்துவேன். தரவு, பகுப்பாய்வு, முடிவுரை ஆகியவற்றை நானே எழுதுவேன். இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்."

அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் தேதியோடு தெரிவித்ததற்கு அந்த மின்னஞ்சலே சான்று.

அதே வாரத்தில் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த மென்பொருளில் சோதிக்கிறார்கள்? ஒப்புமை அறிக்கை மட்டும் எடுக்கிறார்களா, ஏஐ அறிக்கையும் சேர்த்தா (இரண்டும் என்ன என்பது அடுத்த படியில்)? ஏஐ அறிக்கைக்கு வரம்பு ஏதும் உண்டா, அது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது? ஒரு மாணவருக்கு எத்தனை முறை சோதித்துத் தருவார்கள்? சுற்றறிக்கை இருக்கிறது என்றால் பிரதி கேளுங்கள். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

கடலூர் மாவட்டக் கல்லூரிகளில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தால் பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆகவே அதன் விதியே இறுதி. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வு நடத்துவது கல்லூரி. ஆகவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறையில்தான் பதில் கிடைக்கும். புதுச்சேரியிலும் இதே கதைதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் படிக்கும் நண்பர் சொன்ன விதி, நகரத்தில் இருக்கும் இணைப்புக் கல்லூரிக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. இரண்டு சதவீதங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மாணவர்கள் மட்டுமல்ல, சில ஆசிரியர்களும் தடுமாறுவது இங்கேதான்.

முதல் சதவீதம் ஒப்புமை. உங்கள் வாக்கியங்கள் ஏற்கெனவே வெளியான எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது சொல்லும். எந்த வரி எங்கிருந்து வந்தது என்பதையும் மூல இணைப்போடு காட்டும். நீங்கள் திறந்து பார்க்கலாம், மறுக்கலாம். இதற்குச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுகலை மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டிய பகுதி, நூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொதுவாக எல்லோரும் எழுதுகிற தொடர்கள் 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் அவற்றுக்கும் விலக்கு உண்டு. அறிக்கை எடுப்பவர் இந்த வடிகட்டிகளைப் போட மறந்துவிட்டால் உங்கள் சதவீதம் இரு மடங்காகத் தெரியலாம். ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல. எவையெல்லாம் விலக்கப்பட்டன என்ற வரியைத்தான். அதே மென்பொருளில் வடிகட்டிகளைப் போட்டு மறுபடி எடுத்துத் தருமாறு தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாவது சதவீதம் ஏஐ. இது வேறு சங்கதி. உங்கள் நடையைப் பார்த்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிறதா என்பது போன்ற கணக்குகளை வைத்து மென்பொருள் செய்யும் அனுமானம் இது. மூலம் என்று எதையும் அதனால் காட்ட முடியாது. 2018 ஒழுங்குமுறையில் செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே கிடையாது. அதில் இருக்கும் 10, 40, 60 எல்லாம் ஒப்புமைக்கு மட்டும். "உன் ஏஐ 35 வந்திருக்கிறது, யுஜிசி விதிப்படி பத்துதான்" என்று யாராவது சொன்னால், பணிவாக அந்த விதியின் பிரதியைக் கேளுங்கள். அதே சமயம், உங்கள் பல்கலைக்கழகம் தனியாகச் சுற்றறிக்கை போட்டு ஏஐ வரம்பு வைத்திருந்தால் அதை மதித்தே ஆக வேண்டும். முதல் படியில் பிரதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த அனுமானம் எவ்வளவு நம்பகமானது? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடின் என்ற சோதனை மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தி வைத்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று அவை முத்திரை குத்தின. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்புகளில் ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைகளின் நிலை என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எனக்கு மாட்டிய இரண்டு இயல்களில் ஒன்று ஆய்வு முறையியல்தான். 'கேள்விப் பட்டியல் மூலம் முதன்மைத் தரவு திரட்டப்பட்டது' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதிவிட முடியும்?

டர்னிடின் அறிக்கையானால் இரண்டு விவரங்கள் கைகொடுக்கும். ஏஐ கணிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறது. அந்த அளவில் தவறாகக் குற்றம் சுமத்தும் வாய்ப்பு அதிகம் என்பது நிறுவனமே சொல்லும் காரணம். இந்த எண்ணை மட்டும் வைத்து மாணவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் அதன் வழிகாட்டுதல் சொல்கிறது.

3. முதல் நாளிலிருந்தே தடயம் சேருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எழுதியது நான்தான் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. எழுதிக்கொண்டிருந்ததைக் காட்டினால் நம்புவார்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். அதில் 'பதிப்பு வரலாறு' என்று ஒரு வசதி இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வாக்கியத்தைச் சேர்த்தீர்கள், எதை அடித்தீர்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். வேர்டில்தான் பழக்கம் என்றால் ஒன்டிரைவில் சேமித்து, தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். ஒவ்வோர் இயலின் வரைவு முடிந்ததும் அதைத் தனிப் பெயரில் சேமியுங்கள்: 'இயல் 2, முதல் வரைவு, ஜனவரி 14' என்பதுபோல. நெறியாளர் பேனாவால் திருத்திக் கொடுக்கும் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவர் கையெழுத்தைவிடப் பெரிய சான்று வேறு என்ன இருக்கிறது?

இதில் ஒரு பொறி உண்டு. வேறு எங்கோ எழுதி முடித்த முழு இயலையும் ஒரே ஒட்டில் டாக்ஸில் ஒட்டினால், பதிப்பு வரலாறு உங்களுக்கு எதிராகவே பேசும். மூவாயிரம் சொல் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்ததாக அதில் இருக்கும்.

கையால் எழுதி, டிடிபி மையத்தில் தட்டச்சுக்குக் கொடுப்பவர்கள் இங்கே இன்னும் நிறையப் பேர். தமிழ் இலக்கியம், வரலாறு படிப்பவர்களில் கணிசமானோர் அப்படித்தான். தவறே இல்லை, சொல்லப்போனால் கையெழுத்துப் பிரதியைவிட உறுதியான தடயம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். கொடுப்பதற்கு முன் முழுவதையும் செல்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். தட்டச்சு செய்பவரிடம் "எழுத்துப்பிழை தவிர வேறு எதையும் மாற்ற வேண்டாம், ஏஐயில் போட்டுச் சரிசெய்ய வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உதவி செய்வதாக நினைத்து முன்னுரையை மெருகேற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்! பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேர்டு கோப்பும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

களப்பணி செய்பவர்கள் குறிப்பேட்டை அப்படியே வைத்திருங்கள். மீன் செதிலும் உப்பும் ஒட்டிய என் குறிப்பேடு விசாரணையின்போது மேசைமீது போனது. அதில் பென்சிலால் கிறுக்கியிருந்த கூட்டல் கணக்குகளும் ஆய்வறிக்கையின் அட்டவணையும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது.

4. ஏஐயை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே மாட்டுவீர்கள்

அனுமதி இருந்தால், கடினமான கட்டுரையை எளிமையாக விளக்கச் சொல்வது, புள்ளியியல் சூத்திரத்தைப் புரிந்துகொள்வது, நீங்கள் எழுதிய பத்தியில் இலக்கணப் பிழை பார்ப்பது, வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிப் பயிற்சி எடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அது நன்றாகவே உதவும். ஏஐ என்றாலே பாவம் என்று நினைப்பவன் இல்லை நான்.

மாட்டிவிடும் இடங்கள் வேறு.

தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்குவது முதலாவது. சிந்தனை உங்களுடையது, ஆனால் வெளிவரும் ஆங்கிலம் இயந்திரத்தினுடையது. கண்டறியும் கருவி அதைத்தான் பார்க்கும். இப்படிச் செய்வதானால் தமிழ் மூலத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், மொழிபெயர்ப்பை வரிவரியாக உங்கள் ஆங்கிலத்தில் மாற்றி எழுதுங்கள், மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தியதை அறிவிப்பில் (10ஆம் படி) சொல்லிவிடுங்கள். உங்கள் ஆங்கிலம் சுமாராக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஓரிரு பிழைகளுக்காக யாரும் பட்டத்தை நிறுத்திவைப்பதில்லை.

கிராமர்லி போன்றவற்றில் 'இந்தப் பத்தியை மேம்படுத்து' என்ற பொத்தான் இரண்டாவது. எழுத்துப்பிழை திருத்துவது வேறு. பத்தியையே மாற்றி எழுதுவது வேறு. பொத்தான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவதுதான் மிக மோசம்: மேற்கோள் நூல்கள். ஒரு தலைப்பைச் சொல்லி ஆய்வுக் கட்டுரைகள் கேட்டால், உண்மையான இதழின் பெயர், உண்மையான ஆசிரியர், நம்பத் தகுந்த ஆண்டு எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையை ஏஐ கொடுத்துவிடும். ஏஐ சதவீதத்தைக்கூட விவாதித்துச் சரிசெய்யலாம். இல்லாத நூலை மேற்கோள் காட்டியதற்கு எந்த விளக்கமும் எடுபடாது. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ எண்ணை (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கு உரிய அடையாள எண்) doi.org தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் நூல் என்றால் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தையும் மேற்கோள் பக்கத்தையும் படம் எடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகமும் பிரெஞ்சு நிறுவன நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்களை இலவசமாகப் பார்க்கலாம். மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும்.

இன்னொன்று: ஏஐ எழுதியதை 'மனித நடைக்கு' மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களுக்குக் காசு கட்டாதீர்கள். அவை சொற்களை மாற்றிப் போட்டு உளறி வைக்கும். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பதைக் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று மாற்றிய கட்டுரைகள் ஆய்விதழ்களிலேயே அச்சாகி, 2021இல் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து அம்பலப்படுத்தினார்கள். தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பேட்டி கொடுத்தவர்களின் பெயர், தொலைபேசி எண், கடன் விவரம் ஆகியவற்றை ஏஐயில் ஏற்றவே ஏற்றாதீர்கள். உங்களை நம்பிச் சொன்னவர்கள் அவர்கள்.

5. தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் எழுத்துருவைப் பாருங்கள்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும். மென்பொருளுக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒப்புமை சுழியம் என்று வரும். கோப்பையே நிராகரிப்பதும் உண்டு. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், முழுவதையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். முந்நூறு பக்க ஆய்வேட்டுக்கு அது எத்தனை நாள் வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தாலும் இதே கதிதான்.

ஏஐ கண்டறியும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகப் பழக்கப்பட்டவை. உங்கள் தமிழ் ஆய்வேட்டுக்கு யாராவது ஏஐ சதவீதம் போட்டுத் தந்தால், அந்தக் கருவி தமிழை ஆதரிப்பதாக அதன் நிறுவனம் எங்கே சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள்.

6. சோதனைக்குக் கொடுப்பது: இடைத்தரகரை நாடாதீர்கள்

பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமைச் சோதனை மென்பொருளை யுஜிசியின் இன்ஃப்லிப்நெட் மையம் 'ஷோத்சுத்தி' திட்டத்தின் மூலம் தருகிறது. இப்போது அதில் இருப்பது ட்ரில்பிட் என்ற மென்பொருள். சில நிறுவனங்கள் டர்னிடினுக்குத் தனியாகச் சந்தா கட்டுகின்றன. எதுவானாலும் சோதித்துத் தருவது பெரும்பாலும் மைய நூலகம் அல்லது துறையில் அதற்கென நியமிக்கப்பட்ட ஆசிரியர். நெறியாளர் கையெழுத்திட்ட படிவம், அடையாள அட்டைப் பிரதி, ஒரே கோப்பாக வேர்டு அல்லது பிடிஎஃப் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைகளிலும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் "டர்னிடின் அறிக்கை, சில நூறு ரூபாய்" என்ற விளம்பரங்களைப் பார்ப்பீர்கள். டர்னிடின் தனி மாணவர்களுக்குச் சந்தா விற்பதில்லை. விளம்பரம் போடுபவர் யாருடைய கணக்கையோ வைத்து ஓட்டுகிறார். ஆபத்து அதிலில்லை, அந்தக் கணக்கு வழியாக உங்கள் கோப்பு டர்னிடினின் சேமிப்பகத்தில் ஏறிவிட்டால், பிறகு பல்கலைக்கழகத்தில் சோதிக்கும்போது உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடேயே ஒத்துப்போகும். ஒப்புமை நூறைத் தொடும். மூலம் 'வேறொரு நிறுவனத்தின் மாணவர் கட்டுரை' என்று காட்டும். அது நீங்கள்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? காசு கொடுத்து வாங்கிய வினை.

அதிகாரபூர்வச் சோதனையிலும், வரைவு நிலையில் கொடுக்கும்போது "சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

7. அறிக்கையில் மாட்டிக்கொண்டால்

பதறிப்போய் அன்றிரவே வாக்கியங்களைக் கலைத்துப் போடாதீர்கள். நான் எழுதியதுதான் என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் மாற்றினால், ஏதோ மறைக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

முதலில் முழு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது. எந்தப் பத்திகளுக்கு வண்ணம் அடிக்கப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள். அந்தப் பத்திகள் ஒவ்வொன்றுக்கும் தடயம் எடுங்கள்: பதிப்பு வரலாற்றின் ஸ்கிரீன்ஷாட், கையெழுத்துப் பிரதி, நெறியாளர் திருத்திய தாள், களக்குறிப்பு. பிறகு துறைத் தலைவருக்கு, நெறியாளர் வழியாக, ஒரு பக்கத்தில் கடிதம். கடிதத்தில் புலம்பல் வேண்டாம். அறிக்கையின் தேதி, பக்க எண்கள், இணைத்துள்ள சான்றுகளின் பட்டியல், "நேரில் விளக்கவும், அந்தப் பகுதியைக் குறித்து வாய்மொழியாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் தயாராக இருக்கிறேன்" என்ற வேண்டுகோள், அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் அதே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கருத்துத் திருட்டு என்று முறைப்படி புகார் ஆனால், 2018 ஒழுங்குமுறைப்படி துறை அளவிலான குழு 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அது நிறுவன அளவிலான குழுவுக்குப் போனால் அங்கே இன்னும் 45 நாட்கள். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மூன்று மாதம் என்பது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். ஆகவே துறைத் தலைவர் மேசையிலேயே பேசித் தீர்க்கப் பாருங்கள். நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. 2024இல் சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர், தன் விடைகளை ஏஐ எழுதியதென்று சொல்லித் தோல்வியாக்கியதை எதிர்த்துப் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தை அணுகினார். அது கடைசி வழி.

8. வாய்மொழித் தேர்வுதான் இப்போது உண்மையான தேர்வு

எழுத்தை நம்ப முடியவில்லை என்றானதும் எல்லாப் பாரமும் வாய்மொழித் தேர்வின் மேல் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் தலைப்பைக் கேட்டு, இரண்டு கேள்வி கேட்டு, தேநீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்போது நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்த வரி ஏன்?" என்கிறார்கள்.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் அட்டவணையில் மே மாதத்திலும் வருமானம் இருக்கிறதே, எப்படி?" தடை விசைப்படகுகளுக்குத்தான்; சிறிய ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகின்றன; அதோடு கருவாட்டுக்காரர்கள் மார்ச்சில் வாங்கிக் காயவைத்த சரக்கை மே மாதத்தில்தான் நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்றேன். தேர்வாளர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். தேவனாம்பட்டினம் மணலில் உட்கார்ந்து கேட்டவருக்கு இது தெரியும். ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்தவர் அங்கே திருதிருவென விழித்திருப்பார்.

எப்படித் தயாராவது? ஒவ்வோர் அட்டவணைக்கும் இந்த எண் எங்கிருந்து வந்தது, எது எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கிறது, ஏன் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் வரும் ஒவ்வோர் ஆங்கிலக் கலைச்சொல்லையும் தமிழில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத சொல்லை அறிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். எக்செல் கோப்பை மடிக்கணினியில் திறந்த நிலையில் வைத்திருங்கள். கணக்கை நேரில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். தமிழில் பதில் சொல்லலாமா என்பதை ஒரு வாரம் முன்பே நெறியாளர் வழியாகக் கேட்டு வையுங்கள்.

வகுப்பு அசைன்மென்ட்டுகளுக்கும் இதே காற்றுதான் அடிக்கிறது. இன்டர்னல் மதிப்பெண் 25 ஆனாலும் 40 ஆனாலும், வீட்டிலிருந்து எழுதிவரும் கட்டுரைக்கான பங்கைக் குறைத்து, வகுப்பிலேயே கையால் எழுதவைப்பதும் ஐந்து நிமிடம் நின்று விளக்கச் சொல்வதும் கூடியிருக்கின்றன. கையெழுத்து வேகத்தை மறந்துவிட்டவர்கள் தினமும் இரண்டு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

9. செலவும் நாட்களும்

பதிவுபெற்ற மாணவருக்கு அதிகாரபூர்வச் சோதனை பல இடங்களில் இலவசம், குறிப்பிட்ட முறைகள் வரை. அதற்கு மேல் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். மற்ற செலவுகள் அச்சும் பைண்டிங்கும்தான். நான் கொடுத்த அளவில், கறுப்பு வெள்ளைப் பக்கம் ஒன்றரை ரூபாய், வண்ணப் பக்கம் பத்து ரூபாய், எழுத்துப் பதித்த கெட்டி அட்டை பைண்டிங் பிரதிக்கு 250 ரூபாய்க்கு மேல். வண்ணப் படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் மிச்சமாகும்.

சோதனை அறிக்கை கைக்கு வரும்வரை பைண்டிங் செய்யாதீர்கள். ஒரு பத்தி திருத்தினாலும் பக்க எண் மாறும், பொருளடக்கம் மாறும், பைண்டிங் செய்த காசு வீண்.

நாட்களைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு வாரம் முன்பு முழு வரைவு நெறியாளர் கையில் இருக்க வேண்டும். மூன்று வாரம் முன்பு சோதனைக்குப் போக வேண்டும். ஏப்ரலில் எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் நூலகத்தில் வந்து நிற்கும். பத்து நாள் முன்பு இறுதிச் சோதனை அறிக்கை. ஒரு வாரம் பைண்டிங்குக்கும் கையெழுத்துகளுக்கும். நவம்பர், டிசம்பரில் சமர்ப்பிப்பவர்கள் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. மழைக்காலத்தில் கோப்பின் பிரதி ஒன்று பென்டிரைவிலும், ஒன்று இணையத்திலும் இருக்கட்டும்.

10. அறிவிப்பும் அதற்குப் பிறகும்

உறுதிமொழிப் பக்கத்தில் ஏஐ பயன்பாட்டை ஒளிக்காமல் எழுதுங்கள். படிவத்தில் இடமில்லை என்றால் முறையியல் இயலின் முடிவில் சேருங்கள். மாதிரி: "இவ்வாய்வில் இயல் 1, 2 ஆகியவற்றின் ஆங்கில இலக்கணத்தைச் சரிபார்க்க மட்டும் ஏஐ செயலி பயன்படுத்தப்பட்டது. தரவு திரட்டல், பகுப்பாய்வு, முடிவுகள் அனைத்தும் ஆய்வாளருடையவை. மேற்கோள் நூல்கள் அனைத்தும் நேரில் சரிபார்க்கப்பட்டன." செயலியின் பெயரும் பயன்படுத்திய மாதங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் பட்டம் கிடைத்த பின் ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பட்டம் வாங்கிய பிறகு கருத்துத் திருட்டு நிரூபணமானாலும் பட்டத்தை நிறுத்திவைக்க 2018 ஒழுங்குமுறையில் இடமிருக்கிறது. ஆகவே தடயக் கோப்புறையை அழிக்காதீர்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் ஆய்வேட்டை எழுதியிருந்தால், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். பதிப்பு வரலாறும் அதோடு போய்விடும். புதிதாகப் பிரதி எடுத்தால் பழைய வரலாறு கூட வராது. கணக்கு மூடப்படும் முன் வரலாற்றுப் பக்கங்களைத் திரைப்பதிவு செய்து, சொந்தக் கணக்கில் ஏற்றி வைத்துவிடுங்கள். இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்றால் முதலிலிருந்தே சொந்தக் கணக்கில் எழுதுங்கள்.